தர்மபுத்திரர் ரூட்டில் ஒரு டூர்

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் ஸ்பிதி மாவட்டத்தில், கிட்டத்தட்ட 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சந்திரதால் ஏரி. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதில் ஏறி, மிளகாய் பஜ்ஜி தின்று, மூச்சு வாங்க செல்ஃபி எடுத்துக்கொண்ட கோஷ்டிதான் அடுத்தது சந்திரதால் என்று தீர்மானம் போட்டது. ஜூன் வாக்கில் பாதை திறந்தால் அக்டோபரில் பனி மூடிவிடும். அதற்குள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கக் கூடாது, சொந்தத்தில் யாரும் ஆவணியில் முகூர்த்தம் வைத்துத் தொலைக்கக் கூடாது.

இந்த ஏரிக்கரையிலிருந்துதான் இந்திரனின் ரதம் தர்மபுத்திரரை உடம்போடு சொர்க்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது என்பது அந்தப் பக்கத்து ஐதீகம். பாண்டவர்களும் திரௌபதியும் ஒரு நாயுமாகக் கிளம்பி, வழியில் ஒவ்வொருவராக விழ, தர்மர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரவர் குறையைச் சொல்லிக்கொண்டே நடப்பார். எங்கள் வாட்ஸ்அப் குரூப்பும் அதே வரிசையில்தான் காலியானது.

முதலில் பெரியப்பா மகள். திரௌபதிக்கு அர்ஜுனன் மேல் பட்சபாதம். இவளுக்குக் கொடைக்கானல் மேல்.

“அங்கே போட் உண்டாண்ணா?”

கிடையாது. 2005-இலேயே ராம்சார் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கரையில் கூடாரம் போடவும் விடமாட்டார்கள். கூடாரமெல்லாம் தள்ளித்தான். காரும் கரைவரை போகாது, இறங்கி நடக்க வேண்டும் என்றேன்.

“சோளமாவது சுட்டு விப்பாங்களா?”

அன்று மாலையே குரூப்பிலிருந்து வெளியேறினாள்.

சகாதேவன் விழுந்தது தன்னைப் போல் அறிவாளி இல்லை என்ற நினைப்பால். எங்கள் சகாதேவன் ஒரு பேங்க் நண்பர். மலை நோயைப் பற்றி ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு, அங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் என்று காலை காப்பிக்கு முன் அறிவித்தார். கொரோனா காலத்து ஆக்ஸிமீட்டரைத் தேடியெடுத்து விரலில் மாட்டிக்கொண்டே திரிந்தார். மாடிக்குத் துணி உலர்த்தப் போன இடத்தில் அது 98-லிருந்து 95-க்கு இறங்கியது. அவர் பயணம் அந்தக் கொடிக்கயிற்றோடு முடிந்தது.

அழகில் கர்வம் கொண்ட நகுலன், தி. நகரில் சித்திரை வெயிலில் ஜாக்கெட் வாங்கி, ஃபேனை ஐந்தில் வைத்துக் கண்ணாடி முன் நின்று பார்த்தவன். வேர்க்குரு வந்தது. அந்த ஜாக்கெட் இப்போது ஏசி பஸ்ஸில் திருப்பதிக்குப் போய்வருகிறது.

எதிரிகளை ஒரே நாளில் முடிப்பேன் என்று அர்ஜுனன் பீற்றிக்கொண்டானாம். எங்கள் ஆளும் அதே ‘ஒரே நாள்’ ஆசாமி. “மணாலியில் விடியற்காலையில் எடுத்தா சாயங்காலம் ஏரி. மதுரைக்கே ஆறு மணி நேரத்துல போனவன் நான்!” மணாலி சுமார் 2,000 மீட்டர். மூவாயிரத்தைத் தாண்டிவிட்டால், படுத்துத் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்கிறார்கள் மலை மருத்துவர்கள். சிம்லா, கின்னௌர் வழியாக மெள்ள ஏறி, காஸாவில் தங்கி, குன்சும் கணவாய் தாண்டி வருவதே உடம்புக்கு நல்லது. மணாலிப் பக்கம் அடல் சுரங்கம்வரை ரோடு பட்டுப்போல இருக்கும். அதைத் தாண்டி, கிராம்பூவில் பாத்தலுக்குத் திரும்பியதும், பாதையில் ஓடை போகிறதா ஓடையில் பாதை போகிறதா என்று தெரியாது. வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் பெருகும். மத்தியானத்துக்குள் கடந்துவிட வேண்டும். இவ்வளவையும் சொன்னேன். ஒரு வாரம் என்றால் லீவு இல்லை என்று காண்டீபத்தைக் கீழே போட்டான்.

பீமனுக்கு ஒரே கவலை. அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், சோறு வேகாது. “குக்கர் வைப்பாங்களா?” வைப்பார்கள். ராஜ்மாவும் சாதமும் கிடைக்கும். “ரசம்?” நான் பதில் யோசிப்பதற்குள் ‘லெஃப்ட்’ என்று வந்துவிட்டது.

மிஞ்சியது நானும் என் மச்சினனும். அவன் குரூப்பில் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை. இந்தக் கதையில் யார் தர்மர், யார் நாய் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கருத்து உண்டு. என் மனைவியின் கருத்தை இங்கே எழுதப்போவதில்லை.

அம்மாவிடம் ஆசி வாங்கப் போனேன். பாரதக் கதை கேட்டு வளர்ந்தவள். ஏரியின் ஸ்தல மகிமையை எடுத்துச் சொன்னால் குளிர்ந்துபோவாள் என்று கணக்கு. சுக்கு இடித்துக்கொண்டே முழுதும் கேட்டாள்.

“ஏண்டா, தர்மர் போனார், சரி. திரும்பி வந்தாரா?”

ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரயில் பெயர், தேதி, என் வயசு எல்லாவற்றையும் படித்தவள், கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். வெயிட்டிங் லிஸ்ட் 84.