கிணற்றடியில் ஓர் ஆய்வுகூடம்

கேள்வி: யாழ்ப்பாணத்திலும் அதியுயர் பாதுகாப்புக் கிருமி ஆய்வுகூடம் கட்டலாமா?
– மாணவி, கோப்பாய்

பதில்: எந்தப் பாதுகாப்பு நிலை என்று சொல்லுங்கள். எபோலா, நிபா வகைக் கிருமிகளுக்கு நான்காம் நிலை. இந்தியா தன் முதலாவதை 2012இல் புனேயில் திறந்தது. நமக்கு அது வேண்டாம். காசநோய்க் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கிற மூன்றாம் நிலை போதும்.

கேள்வி: அதற்குள் என்ன இருக்கும்?
– ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: இரண்டு கதவுகள், ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். அறையின் காற்றமுக்கம் வெளியைவிடக் குறைவு, அதனால் காற்று உள்நோக்கியே ஓடும். வெளியேறும் காற்று, 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 வீதத்தைப் பிடிக்கிற வடிகட்டியைத் தாண்ட வேண்டும். கதவருகே அமுக்கமானி. அதன் முள்ளைப் பார்க்காமல் உள்ளே கால் வைக்கக்கூடாது.

கேள்வி: கிருமி தப்பினால் எங்கள் கதி?
– கமக்காரர், புன்னாலைக்கட்டுவன்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 1979இல் சோவியத்தின் ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் இராணுவக் கூடமொன்றிலிருந்து அந்த்ராக்ஸ் காற்றில் கலந்து குறைந்தது 66 பேர் மாண்டார்கள். என்னை அதைவிட உறுத்துவது 2007இல் இங்கிலாந்தின் பிர்பிரைட்டில் நடந்தது: கசிந்த கழிவுநீர்க் குழாய், கனமழை, பிறகு சுற்றுவட்டாரப் பண்ணை மாடுகளுக்குக் கால்-வாய் நோய். நம் காலடியில் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுண்ணாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளைக் கெடுத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. அந்தக் காசால் கிணற்றுத் தண்ணீர் பழையபடி ஆகிவிடுமா? ஆகவே கூடத்துக் கழிவுநீர் முழுவதும் தாங்கியிலேயே கொதித்துக் கிருமி செத்த பிறகுதான் வெளியேற வேண்டும். குழாய்கள் மண்ணில் புதையாமல் கண்ணுக்குத் தெரிய ஓட வேண்டும். அயல் கிணறுகளின் பரிசோதனை முடிவு மாதாமாதம் ஊரவர் கைக்கு வரவேண்டும். இதற்கு உடன்படாதவர்களுக்குக் காணி கொடாதீர்கள்.

கேள்வி: உயிராயுதம் என்கிறார்களே, நம்மை யார் தாக்கப் போகிறார்கள்?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: தீய நோக்கில் பயன்படக்கூடும் என்று அமெரிக்கா கட்டுப்படுத்தும் கிருமிகளின் பட்டியலில் முதல் வரிசையில் இருப்பவற்றில் ஒன்று, மெலியோய்டோசிஸ் நோயைத் தருவது. அது ஈரமண்ணிலும் வயற்சேற்றிலும் தானாக வாழ்கிறது. இலங்கையில் 1927இலேயே பதிவான நோய். நீரிழிவுக்காரரை இலகுவில் பிடிக்கும், காசநோய்போல வேடமிடும். 2024 டிசெம்பரில், யாழ்ப்பாணத்தில் வெள்ளத்தின் பின் வந்த காய்ச்சலில் உயிர்கள் அடுத்தடுத்துப் போயின. அது எலிக்காய்ச்சல் என்று உறுதியாகும்வரை சனம் கலங்கியிருந்தது. கிருமியின் பெயரை விரைவாகக் கண்டுபிடிப்பதுதான் நமக்கான பாதுகாப்பு.

கேள்வி: புலம்பெயர்ந்த உறவுகள் காசு தந்தால் கட்டி முடித்துவிடலாமே?
– வர்த்தகர், நெல்லியடி

பதில்: கட்டடத்துக்குக் காசு வரும். வடிகட்டி மாற்ற வருமா? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. மின்சாரம் நின்றால் காற்றை உள்நோக்கி ஓடவைக்கும் அந்தக் குறைந்த அமுக்கமும் இல்லாமல் போய்விடும். இரண்டு மின்பிறப்பாக்கி, டீசல், பொறியியலாளர் சம்பளம், வருடாந்த வடிகட்டிச் சோதனை ஆகியவற்றுக்கான பணம் வங்கியில் விழுந்த பிறகே அத்திவாரம் வெட்டுங்கள்.

கேள்வி: அதுவரை?
– இல்லத்தரசி, கொடிகாமம்

பதில்: வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் பனடோலோடு வீட்டில் படுக்க விடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் "வயல் தண்ணிக்குள்ள நிண்டவர்" என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள். சீனி வருத்தம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.