மொஹீத்தோவின் புணர்ச்சி இலக்கணம்

பாயிரம்

மொஹீத்தோ, கியூபாவின் ஹவானா நகரத்துப் பானம். 'ஜ' என எழுதி 'ஹ' என ஒலிப்பது ஸ்பானிய மரபு. ஆகவே 'மோஜிட்டோ' என்பார் எழுத்தறிந்தார். 'மொஹீத்தோ' என்பார் ஒலியறிந்தார். நான்கு குவளை அருந்தினார் எவ்வாறு கூறினும் அமையும்.

1586-இல் ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் ஹவானாவின் முன் வந்து நின்று, தாக்காமலே போனான். அவன் பெயரால் 'எல் திராக்கே' என்றொரு புதினாச் சாராய மருந்து வழங்கியதென்றும், அதுவே இதற்கு மூதாதை என்றும் கர்ணபரம்பரை. மருந்தென்று சொல்லிக் குடிப்பது எந்நாட்டார்க்கும் பொதுவாகையால் மறுப்பாரில்லை.

ஹெமிங்வே இதைப் புகழ்ந்து கையொப்பமிட்டதாக ஒரு வாசகம், ஹவானாவின் லா போதேகீத்தா தெல் மேதியோ மதுக்கடையில் தொங்குகிறது. அது இடைச்செருகல் என்பாரும் உளர். இடைச்செருகலால் நூலுக்கு இழுக்கு, கடைக்கு வரவு.

நூற்பா

ரம்மும் எலுமிச்சை சர்க்கரை புதினா
சோடா என்றிவை ஐந்தும் உறுப்பே.

உரை

வெள்ளை ரம் 45 மி.லி., எலுமிச்சைச் சாறு 20 மி.லி., சர்க்கரை 2 தேக்கரண்டி, புதினாக் கொத்து 6 என்பது சர்வதேச மதுக்கலவையாளர் சங்கத்தின் விதி. சோடாவுக்கு அளவு கூறாமையின், குவளையில் மிஞ்சிய இடமே அளவெனக் கொள்க.

புதினாவைச் சர்க்கரையோடும் சாற்றோடும் மெல்ல அழுத்துக. மணத்தைத் தரும் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே சிறு பைகளில் இருத்தலின், சிறிது அழுத்தமே போதும். ஆத்திரத்தில் நசுக்கினால் கசக்கும். அதற்கும் மேல் போனால் சட்னி. அது வேறு அதிகாரம். பின் ஐஸ், ரம், சோடா. சோடா இறுதியில் நிற்பது ஏனெனின், கலக்கக் கலக்க நுரை போய்விடும் என்பதனால்.

ஐந்தும் இவ்வாறு கூடுவது இயல்புப் புணர்ச்சி. விகாரம் மூன்று.

தோன்றல்: இஞ்சியோ ஸ்ட்ராபெரியோ புதிதாய் வந்து சேர்தல்.

திரிதல்: ரம், ஜின்னாய்த் திரியின் சவுத்சைடு ஃபிஸ். வெள்ளை ரம் முதிர்ந்த ரம்மாகவும், சோடா ஷாம்பெய்னாகவும் திரிந்து, பிட்டர்ஸ் தோன்றின் ஓல்டு கியூபன். நியூயார்க்கின் ஆட்ரி சாண்டர்ஸ் கண்டது.

கெடுதல்: ரம் கெட்டு நிற்பது வர்ஜின் மொஹீத்தோ. தமிழ்நாட்டு உணவகங்களில் பெருவழக்கு இதுவே. ரம் கெட்டமையால் குடிப்பவர் கெடார் என்பது இதன் சிறப்பு.

புறனடை

ரம்மோடு புதினாவும் கெட்டு, எலுமிச்சையும் கெட்டு, நீலநிறச் சிரப்பு மட்டும் தோன்றி, சோடாவில் மிதந்து வருவதும் நம்மூர்க் கடைகளில் உண்டு. அதுவும் மொஹீத்தோவாமோ எனின், ஆம். உறுப்பெல்லாம் போனபின்பும் பெயர் எஞ்சி நிற்றலின், அதனைப் பெயரெச்சம் என்க.