முடிக்காதவர்களின் அலமாரி

நெடும்பாதை நடந்தவர்களின் நினைவுக்குறிப்பில் உத்வேகம் தேடுபவர், பாதையை முடிக்காதவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. அமெரிக்காவின் அப்பலாச்சியப் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர். அதில் பாதியைக்கூட நடக்காத பில் பிரைசனின் 1998ஆம் ஆண்டு நூல்தான் சக்கைப்போடு போட்டது. பசிபிக் முகட்டுப் பாதையில் செரில் ஸ்ட்ரெய்டு நடந்ததும் பாதிக்குக் குறைவுதான். ஒரு பூட்ஸ் மலைச்சரிவில் விழ, மற்றதையும் அவரே வீசியெறிந்த கதை 2012இல் புத்தகமாகி விற்றுத் தீர்ந்தது. முடிக்காதவர் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லத் தொடங்கினால் உரைநடை தானாக வந்துவிடும். முழுக்க நடந்தவர்கள் எழுதவில்லையா என்பீர்கள். 1948இல் அப்பலாச்சியப் பாதையை நடந்து முடித்த ஏர்ல் ஷாஃபர் எழுதினார். வாசகர் கைக்கு வர முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. 1955இல், 67 வயதில், தோளில் துணிப்பையும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக முழுப் பாதையையும் நடந்த எம்மா கேட்வுட் பாட்டியின் கதையைப் பிறர்தான் நூலாக்கினார்கள். பாட்டிக்கு நேரமேது? 1957இல் மறுபடியும் அதே பாதைக்குக் கிளம்பிவிட்டார்.