ஒரு படி இறங்கினால் பத்து மடங்கு

கேள்வி: தண்ணீரின் பி.எச். 7, எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2 என்கிறார்கள். அப்படியானால் சாற்றின் அமிலத்தன்மை மூன்றரை மடங்குதான் அதிகமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மூன்றரை இல்லை அம்மா, ஒரு லட்சம் மடங்கு! பி.எச். என்ற இந்த ஏணியில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு ஏறும்; ஐந்து படிக்கு லட்சம். 1909-இல் இதை வகுத்த சோரன்சென், கோபன்ஹேகனில் பீர் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்.

ஏழுக்கு மேலே காரம். மிளகாய்க் காரமல்ல, சுண்ணாம்புக் காரம். மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் ஆரத்தி சிவக்கிறதே, அது பாட்டிமார் செய்த பி.எச். சோதனை! அதில் எலுமிச்சை பிழிந்து பாருங்கள், மறுபடி மஞ்சளாகும்.

மாலையில் உங்கள் ஊர் காந்தி சிலையருகே கடலைப் பார்க்கும்போது இன்னொன்றையும் நினையுங்கள். நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோலின் கரியமில வாயு கரைந்து, உலகக் கடல்மேற்பரப்பின் சராசரி பி.எச். 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கிவிட்டது. வெறும் 0.1தானே என்று என்னால் விடமுடியவில்லை. ஹைட்ரஜன் அயனிகள் ஏறக்குறைய 30 சதவீதம் கூடிவிட்டன. சிப்பிக்கும் பவளத்துக்கும் சுண்ணாம்பு வீடு கட்டுவதே சிரமமாகிறது.