கைப்பிடி உயர்வும் முதுகு நிமிர்வும்: பாலக்காடு, இடுக்கி எல்லைச் சாலைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

யாப்புக்கு இலக்கணம் உண்டு, அணிக்கு உண்டு, அகத்துக்கும் புறத்துக்கும் உண்டு. இருசக்கர வாகனத்தின் ஹேண்டில்பார் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் தமிழில் இன்றுவரை இலக்கணம் இல்லை. தொல்காப்பியர் இதைப் பேசவில்லை. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் பேசவில்லை. அவர்கள் காலத்திலும் இடுப்பு வலி இருந்திருக்கும். புல்லட் இல்லை என்பதால் மன்னித்துவிடலாம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்துக் கம்பெனியோடு கைகோத்து சென்னையில் புல்லட்டைப் பூட்டத் தொடங்கிய பிறகும் புலவர் எவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

பொருள் வரையறை

ரைசர் என்பது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியில் வைத்துப் பூட்டப்படும் அலுமினியக் கட்டை. இரட்டையாகவே பிறக்கும், தனித்து வாழாது. 20, 25, 30 மில்லிமீட்டர் எனப் பல உயரங்களில் கிடைக்கும். கூடவே, பழையதைவிட நீளமான போல்டுகளும் வரும். கிளாம்போடு சேர்ந்தே வரும் வகையும் உண்டு. அதை வாங்குகிறவர் தன் வண்டியின் ஹேண்டில்பார் கனம் 22 மில்லிமீட்டரா, 28.6 மில்லிமீட்டரா என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போய், மறுநாள் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பது இத்துறையின் நீண்ட மரபு.

30 மில்லிமீட்டர் ரைசர் போட்டால் கைப்பிடி 30 மில்லிமீட்டர் உயரும் என்பது பாமரர் கருத்து. அற்றன்று. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நேராக நிற்பதில்லை. பல வண்டிகளில் 25 டிகிரி அளவுக்குப் பின்புறம் சாய்ந்திருக்கிறது. கிளாம்பும் பெரும்பாலும் அதே சாய்வில்தான் இருக்கும். ஆகவே கைப்பிடி மேலே போவது சுமார் 27 மில்லிமீட்டர். ஓட்டுகிறவரை நோக்கிப் பின்னால் வருவது 12, 13 மில்லிமீட்டர். முதுகுக்கு இதம் தருவது மேலே போன அளவு மட்டுமல்ல, பின்னால் வந்த அளவும்தான். விளம்பரத்தில் முன்னதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பின்னது இனாமாக வருவதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

முன்னோர் நிலை

1980-இல் வந்த டி.வி.எஸ். 50-ஐ ஓட்டியவர்கள் ரைசர் தேடியதாகச் சான்று இல்லை. திண்ணையில் உட்கார்ந்த மேனிக்கு உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 1985-இல் ஆர்.எக்ஸ். 100 வந்தது, இளவட்டங்கள் கம்பெனி கொடுத்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுக் கட்டையான ஒன்றைப் பூட்டிக் குனிந்து பறந்தார்கள். பிறகு பல்சர் 220, ஆர்15 என்று கம்பெனிகளே குனிய வைத்து விற்றன. அன்று காசு கொடுத்து ஹேண்டில்பாரை இறக்கிய அதே தலைமுறைதான் இன்று காசு கொடுத்து ஏற்றுகிறது. இடையில் மாறியது வண்டி அல்ல, வயது.

கள எல்லை

பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலத்து மாவட்டங்கள். ஆனால் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவில்லை. கொழிஞ்சாம்பாறையிலோ மீனாட்சிபுரத்திலோ கிளம்புகிறவர் மூணாறுக்குப் போக, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்து, பொள்ளாச்சி, உடுமலை கடந்து, சின்னாறு செக்போஸ்ட் வழியாக மறுபடி கேரளத்துக்குள் புக வேண்டும். மறையூர், மூணாறு, பூப்பாறை என்று போய் போடிமெட்டில் இறங்கினால் மீண்டும் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுத்தவர்கள் தாலுகா தாலுகாவாகப் பிரித்தார்கள். இந்தப் பாதையில் வரும் கழுத்து வலியை எந்த மாநிலக் கணக்கில் எழுதுவது என்று மட்டும் சொல்லாமல் போனார்கள்.

திணைப் பகுப்பு

இப்பாதையில் இரண்டு திணைகள் உள்ளன. முதலாவது குறிஞ்சி. முதற்பொருள்: மலையும் கொண்டை ஊசி வளைவும். கருப்பொருள்: ஏலக்காய், தேயிலை, தொழிலாளர் ஜீப், 1999-இல் வந்த ரஜினி படத்தின் பெயரைத் தாங்கி மூணாறு வட்டாரத்தில் உலவும் படையப்பா என்ற ஒற்றை யானை. உரிப்பொருள்: மணிக்கட்டு வலியும் வலி நிமித்தமும்.

போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஏறும்போது உடல் பின்னால் சாய்வதால் கைக்குச் சுமை இல்லை. இறங்கும்போதுதான் வினை. சரிவும் பிரேக்கும் சேர்ந்து உடலை முன்னே தள்ள, அந்தப் பாரம் முழுவதும் உள்ளங்கையில் வந்து உட்காரும். மணிக்கட்டு மடிந்து நரம்பு அழுந்தி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். போடியிலிருந்து தினமும் பூப்பாறைத் தோட்டத்துக்குப் போய்வரும் சூப்பர்வைசருக்கு 30 மில்லிமீட்டர் உயர்வு ஆடம்பரம் அல்ல. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. மணிக்கட்டு வலி மாலைதோறும் பூக்கிறது.

இரண்டாவது திணை பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கும் இடம். நிலம் சமதளம், வயலும் தென்னையும். முதற்பொருள் காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக் கடல் காற்று இந்தச் சந்து வழியாகக் கிழக்கே பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் வாளையாறு பக்கம் வண்டி ஓட்டியவராக இருக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு எதிர்க்காற்று 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சில் அடிப்பது 90. விசை இரண்டேகால் மடங்கு. குனிந்தவர் தப்பினார். ரைசர் போட்டு நிமிர்ந்தவர் தன் நெஞ்சையே பாய்மரமாக விரித்துக் கைப்பிடியைப் பற்றித் தொங்குகிறார். மலையில் மணிக்கட்டைக் காப்பாற்றிய அதே கட்டை, கணவாயில் தோளைக் காவு கேட்கிறது.

நூற்பாவும் உரையும்

மேற்கண்டவற்றைத் தொகுத்து இவ்வாய்வாளர் இயற்றிய நூற்பா:

முப்பது மில்லி முதுகிற் கிதமே;
அதன்மேல் உயர்த்தின் கேபிளுக் கிடரே.

என்பது, 30 மில்லிமீட்டர் வரை உயர்த்துதல் உடலுக்கு நலம். அதற்கு மேற்படின் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயர் ஆகிய நான்கும் எட்டாமல் இழுபடும் என்றவாறு. சில வண்டிகளில் 30 மில்லிமீட்டருக்கே இழுபடும். அஃது உம்மையால் கொள்க. நூற்பாவில் உம்மை இல்லையே எனின், அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும்.

அஃதேல், இழுபடுவதை எங்ஙனம் அறிவது எனின், போடியில் ஒரு பட்டறையில் கண்டதைச் சான்றாகத் தரலாம். மெக்கானிக் முதலில் டேங்க் மேல் பழைய துண்டை விரித்தார். கிளாம்பின் நான்கு போல்டையும் அலன் கீயால் கழற்றி, ஹேண்டில்பாரைத் துண்டின் மேல் சாய்த்தார். ரைசரை வைத்து, நீள போல்டுகளை முதலில் கையாலேயே முறுக்கி, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக இறுக்கினார். வண்டிக்காரர் உடனே கிளம்பப் பார்த்தார்.

“அண்ணே, செத்த பொறுங்க. இனிமேத்தான் இருக்கு வேலையே.”

வண்டியை நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டில்பாரை இடது கோடி வரை திருப்பினார். எஞ்சின் சத்தம் மாறவில்லை. வலது கோடிக்குத் திருப்பினார். கையை ஆக்சிலேட்டரில் வைக்காமலே சத்தம் உறுமி ஏறியது.

“பாத்தீங்களா? கேபிள் இழுக்குது. மேட்டுல வளைவுல திருப்புறப்ப வண்டி தானாப் பாயும்.”

கேபிளை ஃபோர்க்குக்கு வெளிப்பக்கமாகச் சுற்றிவந்த பழைய வழியிலிருந்து எடுத்து உட்புறமாக விட்டதும் சத்தம் அடங்கியது. அதன் பிறகு பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். கிளட்ச் லீவரின் ஆட்டத்தைச் சரிசெய்தார். கட்டையை மாட்டியதைவிடச் சோதித்ததற்கே அதிக நேரம் பிடித்தது. இச்செயல்முறையைவிடச் சிறந்த ஆய்வு நெறி பல்கலைக்கழகங்களிலும் அரிது.

மறுப்பும் விடையும்

நிமிர்ந்தால் முதுகு வலி தீரும் என்பது முற்றும் உண்மையா எனின், அற்றன்று. குனிந்திருப்பவரின் பாரம் கையும் இருக்கையுமாகப் பங்கிடப்படும். நிமிர்ந்தவரின் பாரம் பெரும்பகுதி இடுப்பு எலும்பில் இறங்கும். மறையூர்ச் சாலைப் பள்ளம் ஒவ்வொன்றும் நேரே தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பும். வலி ஒழிவதில்லை, மாற்றலாகிப் போகிறது.

அங்ஙனமாயின் ரைசரே வேண்டாமோ எனின், வேண்டும், அளவோடு. அதற்கு முன் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. கிளாம்பின் நான்கு போல்டைத் தளர்த்தி, ஹேண்டில்பாரையே சற்றுப் பின்னால் உருட்டி, லீவர்களை முன்கையின் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி இறுக்கினால், பலருக்குப் பாதி வலி போய்விடும். இம்மருந்தை எந்தக் கடையும் விற்பதில்லை. விற்க அதில் ஒன்றும் இல்லை.

சட்டநூல் நோக்கு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதத்துக்கு இடம் உண்டு. ‘மாற்றம்’ என்பது வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று 52-ஆம் பிரிவே விளக்கமும் சொல்கிறது. ஓட்டுகிறவரின் அடிப்படைத் தன்மை மாறினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. கேரள மோட்டார் வாகனத் துறையின் கண் கூர்மையை அறிந்தவர்கள், வண்டிக் கம்பெனியே துணைப்பொருளாக விற்கும் ரைசர் இருந்தால் அதை வாங்கி, பில்லை ஆர்.சி. புக்கோடு வைத்துக்கொள்வது உத்தமம்.

முடிவுரை

ஹேண்டில்பாரின் சரியான உயரம் உடம்பைப் பொறுத்தது என்று இதுவரை கருதப்பட்டது. அது பாதையையும் பொறுத்தது என்பது இவ்வாய்வின் முடிபு. மலையேறுகிறவர் 30 வைக்கலாம். கணவாயில் திரிகிறவர் உள்ளதை உருட்டிக்கொண்டு சும்மா இருக்கலாம். மீனாட்சிபுரத்தில் வீடும் மூணாறில் வேலையுமாக இரண்டு திணைக்கும் நடுவே அலைகிறவருக்கு 20 போதும். மிச்ச 10-ஐ விதி என்று விட்டுவிட வேண்டும்.

வாசகருக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆய்வில் எதை மறந்தாலும் பரவாயில்லை. ரைசர் போட்ட வண்டியோடு போடிமெட்டுக்குக் கிளம்புவதற்கு முன், எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறினால் பட்டறைக்குத் திரும்புங்கள்.