மேட்டுக்குப் பட்டா உண்டு, மெட்டுக்குக் கிடையாது

1994இல் ‘காதலன்’ கேசட் வந்த புதிதில் பண்பொழியில், அதாவது ஊர்க்காரர்கள் வாயில் பம்புளியில், எந்த டீக்கடைக்குப் போனாலும் ‘பேட்டை ராப்’தான். அதே கேசட்டில், டீ ஆறுவதற்குள் முடிந்துபோகும் சின்னப் பாட்டு ஒன்றும் இருந்தது. ஒருத்தியின் அழகைப் பார்த்து, இவள் மானுடப் பெண்தானா என்று மற்றப் பெண்கள் மலைக்கிற பாட்டு. “யாரு எழுதுனது?” என்று கேட்டால், “வைரமுத்துதான், வேற யாரு?” என்று தீர்ப்பு வந்துவிடும், அப்பீல் கிடையாது. எழுதியவர் திரிகூடராசப்பக் கவிராயர். ஊர் மேலகரம். தென்காசி பஸ்ஸில் ஏறி, குற்றாலச் சாரலில் ஜன்னலைச் சாத்தலாமா வேண்டாமா என்று பக்கத்து சீட்டுக்காரரோடு சண்டை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர்.

கவிராயருக்கு இதில் பெரிய வருத்தம் இருக்காது. ‘குற்றாலக் குறவஞ்சி’க்காக மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் 18ஆம் நூற்றாண்டிலேயே அவருக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பேர். பின்னால் வந்த பாட்டு வாத்தியார்களுக்கு நிலம் வரவில்லை, செக் வந்தது. அதிலும் சில, போன வேகத்தில் பேங்கிலிருந்து திரும்பி வந்தன.

இந்தச் சீமை அருவித் தண்ணீரைப் போலவே பாட்டையும் காசு வாங்காமல் ஊருக்கு விட்ட சீமை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்கென்று காவடிச்சிந்து பாடிவைத்துவிட்டு, 1891இல் முப்பது வயதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். அந்த மெட்டுகள் அதன்பிறகுதான் சுறுசுறுப்பாக நடமாட ஆரம்பித்தன. மலை ஏறுகிற காவடிக்குக் கூடவே ஏறின, நாடகக் கொட்டகைக்குள் டிக்கெட் இல்லாமல் நுழைந்தன, பின்னால் சினிமாவிலும் போய் உட்கார்ந்துகொண்டன. பண்பொழித் திருமலைக் கோயிலின் அறுநூற்றுச் சொச்சம் படியை ஏறி முடித்தவர்கள் முருகனுக்கு நன்றி சொன்னார்கள். ரெட்டியார் கணக்கில் யாரும் ஒரு சூடம்கூடக் கொளுத்தவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் திருட்டில் நாணயம் இருந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தால், ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று தலையிலேயே அச்சடித்திருப்பான். பாரதியும் அப்படித்தான். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனை அதட்டிய மெட்டை எடுத்துத் திலகரை அதட்ட வைத்தார். எங்கிருந்து எடுத்தேன் என்பதையும் மேலேயே போட்டுவிட்டார். பகலில் வந்து, கும்பிட்டுச் சொல்லிவிட்டு, அண்டாவைத் தூக்கிப்போகிற ரகம்.

சினிமா வந்ததும் அந்த மரியாதை போயிற்று. 1931இல் வந்த ‘காளிதாஸ்’தான் முதல் தமிழ்ப் பேசும் படம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம் அது. தியாகராஜ கீர்த்தனையும் அதில் உண்டு, டி.பி. ராஜலட்சுமி பாடிய, காந்தியின் ராட்டையைப் போற்றும் பாட்டும் உண்டு. காளிதாசன் காலத்தில் ராட்டை எப்படி வந்தது, காந்தி எப்படி வந்தார் என்று கொட்டகையில் ஒருவரும் கேட்கவில்லை. படம் பேசுகிறதே, அது போதாதா?

பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா அந்தக் கூத்தில் சேரவில்லை. நாடக மேடையில் அவர் தொண்டையைத் திறந்தால் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்காரன் நிமிர்ந்து உட்காருவான். 1933 டிசம்பரில், 27 வயதில் காலமானார். குரல் இசைத்தட்டில் தங்கிவிட்டது. அதோடு நிற்காமல் இன்னொருவர் தொண்டையிலும் ஏறிக்கொண்டது. சோழவந்தான் பக்கத்துத் தென்கரைப் பையன் டி.ஆர். மகாலிங்கம், கிட்டப்பாவின் உச்ச ஸ்தாயியை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அவரை முருகனாகப் போட்டு 1945இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த படம் ‘ஸ்ரீ வள்ளி’. வள்ளி, குமாரி ருக்மணி. படத்தையும் எடுத்தாயிற்று, ருக்மணி பாடியும் ஆயிற்று. போட்டுப் பார்த்த செட்டியாருக்கு முகம் பிடித்தது, குரல் பிடிக்கவில்லை. படத்தைத் திரும்ப எடுக்க அவருக்கென்ன பைத்தியமா? பி.ஏ. பெரியநாயகியைக் கூப்பிட்டு, திரையில் அசைகிற உதட்டுக்குத் தகுந்தபடி பாடச் சொல்லிப் பதிவு செய்தார். ஆக வள்ளிக்கு வாய் ஒருவருடையது, தொண்டை வேறொருவருடையது. முருகனுக்கு வாயும் தொண்டையும் சொந்தம், பாணி செங்கோட்டை. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தில் கிட்டப்பா ஏற்கெனவே அந்த வள்ளியைக் காதலித்து முடித்திருந்தார் என்பது வேறு விஷயம். இத்தனை பேர் சேர்ந்து ஒரு கல்யாணம் பண்ணிவைக்க, படம் அமோகமாக ஓடியது.

இந்த மாதிரிச் சிக்கலையெல்லாம் எங்கள் பக்கத்தில் அவிழ்த்தது கோயில் கொடைக்கு ரேடியோ செட்டு கட்டுகிற அண்ணாச்சிமார்தான். தட்டில் ஒட்டிய காகிதத்தை அவர்கள் நம்புவதில்லை. ஊசியை வைத்து ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்ததும் சாதகம் கணித்துவிடுவார்கள்.

“அண்ணாச்சி, இது யாரு பாடுனது?”

“வாயி ருக்மணி, தொண்டை பெரியநாயகி. ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு நகருலே, வயர மிதிக்காத.”

பம்பாய்க்காரர்களுக்கு இப்படி ஓர் அண்ணாச்சி வாய்க்கவில்லை. 1949இல் ‘மஹல்’ படத்து ஆவிப் பாட்டைக் கேட்டு நாடே சொக்கிப்போனது. தட்டில் பாடியவர் பெயர் ‘காமினி’ என்றிருந்தது. காமினி, படத்தில் வரும் பாத்திரம்! ரேடியோவுக்குக் கடிதமாக எழுதித் தள்ளிய பிறகுதான் அது லதா மங்கேஷ்கர் என்று ஜனங்களுக்குத் தெரிந்தது. செட்டியாராவது உயிரோடு இருக்கிற வள்ளிக்குக் குரல் மாற்றினார். அங்கே இல்லாத பெண்ணுக்கு ராயல்டி கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள்.

இத்தாலிக்காரர் நீனோ ரோட்டா கதை இதற்கும் மேலே. ‘காட்ஃபாதர்’ படத்து இசைக்காக 1973இல் ஆஸ்கருக்கு அவர் பெயரை அறிவித்தார்கள். அந்தக் காதல் மெட்டை 1958இல் ‘ஃபார்ச்சுனெல்லா’ என்ற இத்தாலியப் படத்துக்கு அவரே, கொஞ்சம் துள்ளலாக, போட்டிருந்தார் என்று தெரிந்ததும் பெயரை உருவிவிட்டார்கள். தன் வீட்டுப் பரணிலிருந்து தானே அண்டாவை இறக்கியதற்கு ஒரு மனிதனைப் பிடித்துக் கொடுத்த ஊர் அது. 1974இல் ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம் வந்தது. அதே மெட்டு அதிலும் இருந்தது. இந்தத் தடவை பரிசையே கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கமிட்டியை ஒரு தடவை எட்டயபுரத்துக்குக் கூட்டிவர வேண்டும். அங்கே 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டை எடுத்து, சம்ஸ்கிருதத்தில் அம்பாளைப் பாடிவைத்திருக்கிறார். இப்போதும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். லண்டனிலிருந்து இதுவரை நோட்டீஸ் வரவில்லை.