ரத்தம் எடுக்கிற இடம் எங்கே?

1987-ல் சென்னையில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்தது அரை பிளேடு. டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனாவால் போட்ட கோடு தப்பிப்போனால், பிளேடைப் படுக்கவைத்து மை மட்டும் உரியும்படி சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் பேப்பர் கிழிந்துவிடும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்காவிட்டால் அடுத்த கோட்டின் மை ஊறிப் பரவும். ஒரு மாடியின் பிளான் முடிய பத்து நாள் ஆகும். அதை அம்மோனியா பிரின்ட் எடுத்து, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைட்டுக்குப் போகும்போது கண் எரியும், மனசு நிறைந்திருக்கும். கட்டடம் எழுந்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று அப்போது நம்பினேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ஒரு பாட்டி. நாங்கள் வடிவமைத்த ஓர் ஆஸ்பத்திரி திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெளிநோயாளிகள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மடித்த சீட்டோடு வந்தவர் கேட்டார்: "தம்பி, ரத்தம் எடுக்கிற எடம் எங்கப்பா?"

அவர் நின்றது பலகைக்கு நேர் கீழே. அந்தப் பலகையின் எழுத்தும் அளவும் நிறமும் நான் தேர்ந்தெடுத்தவை. 'நோய்க்குறியியல் துறை' என்று இருந்தது. கீழே ஆங்கிலத்தில் 'பேத்தாலஜி'. மேலே கையைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியும். எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார். "அது என்னமோ துறைன்னு போட்டிருக்குப்பா. எனக்கு ரத்தம்தான் எடுக்கணும்" என்றார்.

'ரத்தப் பரிசோதனை' என்று மாற்றலாம் என்று எழுதிக் கொடுத்தேன். துறையின் பெயரை அப்படிக் கொச்சையாகப் போட முடியாது என்று பதில் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனபோது, பலகைக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஸ்கெட்ச் பேனாவில் 'ரத்தம் இங்கே', பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஒரு நாளில் நூறு தடவை பதில் சொல்லி அலுத்துப்போன வாட்ச்மேன் ஒட்டியது. இன்றைக்கும் எனக்குத் தெரிந்த மிக நல்ல தகவல் வடிவமைப்பு அதுதான்.

நான் தடுமாறி நின்ற அந்த நாட்களில் அண்ணா சாலை அமெரிக்க நூலகத்தில் ரிச்சர்ட் சால் வுர்மனைப் படித்தேன். 1935-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர், அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தை வடிவமைத்த லூயி கானிடம் வேலை பார்த்தவர். இருபத்தாறு வயதிலேயே மாணவர்களைக் கூட்டிக்கொண்டு உலகின் ஐம்பது நகரங்களை ஒரே அளவையில் மாதிரிகளாகச் செய்யவைத்தார். அதுவரை ஒவ்வொரு நகரத்தின் வரைபடமும் ஒவ்வோர் அளவையில் இருந்ததால் எது பெரிது எது சிறிது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வழியில்லை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்தின் 1976 மாநாட்டைத் தலைமையேற்று நடத்தியபோது, அவர் வைத்த தலைப்பு 'தகவலின் கட்டடக்கலை'. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோனார். ஊர் பிடிபடவில்லை. வழிகாட்டிப் புத்தகங்களில் ஓட்டல் ஒரு பக்கம், மியூசியம் ஒரு பக்கம் என்று வகை பிரித்திருந்தார்கள். அவரோ தெருவில் நடப்பவன் கண்ணுக்கு எது எதை அடுத்து வருகிறதோ அப்படியே பேட்டை பேட்டையாக அடுக்கிப் புத்தகம் போட்டார். 1984-ல் 'டெட்' (TED) உரை மாநாட்டைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த முதல் மாநாடு நஷ்டம். அடுத்ததை நடத்த ஆறு வருடம் ஆனது.

அவரிடம் நான் எடுத்துக்கொண்டது ஒன்று. தகவலை அடுக்க ஐந்தே வழி என்பார்: இடம், அகர வரிசை, காலம், வகை, படிநிலை. அதைப் படித்ததும் பாட்டியின் சீட்டு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி தன்னை வகையாகப் பிரித்துவைத்திருக்கிறது. நோயாளிக்கு வேண்டியது காலம்: முதலில் எங்கே, அப்புறம் எங்கே. சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும், சாப்பிட வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் டாக்டர். பின்னாளில் ஒரு மருத்துவமனைக்கு இதையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் கட்டடம் வரையவில்லை. வழிகாட்டிப் பலகை, மின் கட்டண ரசீது, மாத்திரைக் கவர், இப்போது செல்போன் திரை.

பிளேடு போய்விட்டது, தப்பை அழிக்க ஒரு விசையைத் தட்டினால் போதும். போன மாதம் அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு ஒரு புதிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் மெஷின், க்யூ.ஆர். கோடு, சுவர் நிறையத் திரை. அம்மாவின் போனுக்கு வந்த செய்தியில் 'லெவல் 1, பிளாக் பி, லேப் 2' என்று இருந்தது. லிப்டுக்குள் 'ஜி' என்று ஒரு பொத்தான், அதற்கு மேலே '1'. லெவல் ஒன்று என்பது தரைத்தளமா, முதல் மாடியா? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்ற பெரியவர் தன் போனை என் பக்கம் நீட்டினார்: "சார், ரத்தம் எங்க குடுக்கணும்?"

முப்பது வருடமாகியும் அதே கேள்வி. அன்றைக்குப் பலகை ஒன்றுதான் புரியவில்லை. இன்றைக்குத் திரை, செய்தி, டோக்கன், லிப்ட் நான்கும் நான்கு பாஷை பேசுகின்றன.

ஆஸ்பத்திரி, வங்கி, தாலுகா ஆபீஸ் எதிலாவது பலகையோ திரையோ வைக்கிற பொறுப்பில் நீங்கள் இருந்தால் ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். முதல் தடவை வருகிற ஒருவர் பின்னாலேயே வாசலிலிருந்து நடந்து போங்கள். அவர் எந்த இடத்தில் நின்று யாரிடம் வழி கேட்கிறாரோ, அந்த இடத்தில், அவர் கேட்ட அதே வார்த்தையை எழுதி வையுங்கள்.